அறுநூறு ரூபாய் அறை

முப்பது நாளில் காலி செய்யுங்கள் என்று
ஒரு வரிக் கடிதம்.
எட்டு வருடம் வாடகையே கேட்காத வீட்டுக்காரர்.
முகம் பார்த்ததில்லை,
எந்த நாட்டில் இருக்கிறார் என்றும் தெரியாது.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்று
கல்லூரி கல்லூரியாய்ப் போய்ப் பேசியவர்கள்தான் நாங்கள்.
எங்கள் எழுத்தை மட்டும்
இலவசத்தில் குடிவைத்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை, ஜான்ஸ்டன் சதுக்கம்,
பேக்கரியின் பின்மேசை. வெளியே மழை.
பெள்ளிராஜ் சொன்னான்:
ஜெர்மனியில் ஓர் இடம், மாதம் நானூறு,
அங்கே கரன்ட் போகாது.
எப்சிபா சொன்னாள்:
இன்னொரு இலவசம் பார்ப்போம்,
அவர்களும் விரட்டினால் அப்போது அழுதுகொள்ளலாம்.
தவமணி அண்ணன் வர்க்கியை உடைத்தபடி இருந்தார்.
உதிர்ந்த தூளை ஒற்றை விரலால் கூட்டினார்.
“தலைமன்னாரில் எங்க அப்பா கப்பல் ஏறின அன்னைக்கு
பெட்டிய யாரோ பத்திரமா வாங்கி வெச்சாங்களாம்.
இங்க வந்து தெறந்தா
வேற யாரோட துணியோ.”
அதற்கு மேல் பேசவில்லை.
பில்லை எப்சிபா கொடுத்தாள்.

உரக்கடை மாடியில் அறுநூறு ரூபாய்க்கு அறை.
கூட்டுறவு வங்கி ஏலம் விட்ட கணினி.
அதற்குத் தமிழில் வழங்கி என்று பெயர்:
கேட்டால் கொடுக்க வேண்டும்,
கேட்டவர் யாரென்று பார்க்கக் கூடாது.
பெரிய ஊர்களில் இதற்கு ஏசி வைப்பார்களாம்.
எங்களுக்குக் கோத்தகிரி இருந்தது.
ஈரம்தான் பகை.
செருப்புக் கடைகளில் கெஞ்சி வாங்கிய
‘தின்னாதே’ என்று எழுதிய குட்டிப் பைகளை
அதன் காலடியில் பரப்பினேன்.
கதகதப்புக்கு ஒரு சிலந்தி வந்து தங்கியது.
கீழே யூரியா மூட்டை,
மேலே இருபத்தேழு பேருடைய எட்டு வருடம்.
சாவி என்னிடம்.
மின்வாரியத்தில் வீடு வீடாய் ரீடிங் எடுப்பவள் நான்,
எப்போது கரன்ட் போகும் என்று
முன்கூட்டித் தெரிகிற ஒரே உறுப்பினர்.

ஐப்பசியில் குஞ்சப்பனை வளைவில் மண் சரிந்து
கேபிள் அறுந்தது.
மூன்று நாள்.
கரன்ட் இருந்தது. விசிறி சுழன்றது.
பச்சை விளக்கு
யாருக்கும் இல்லாமல் மினுக்கியது.
பெள்ளிராஜ் படியேறி வந்தான்,
நான் அப்பவே சொன்னேன் என்பான் என்று
பதில் தயார் செய்து வைத்திருந்தேன்.
ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவந்திருந்தான்.
குடித்துவிட்டுப் போய்விட்டான்.

வேறு வேலையில்லை. படித்தேன்.
இத்தனை மாதமும்
திறக்கிறதா என்று பார்த்திருக்கிறேனே தவிர
படித்ததில்லை.
பழைய கணினிகளில் ‘கொ’ உடைவது பற்றி
தவமணி அண்ணன் எழுதிய பத்து வரி.
கொம்பு இந்தப் பக்கம், கால் அந்தப் பக்கம்,
நடுவில் அநாதையாய் ஒரு க.
கொழுந்து என்று அடித்தால்
கொழுந்து வராத தேயிலைக் காட்டிலிருந்து
இரவு ஷிப்ட் முடிந்து உட்கார்ந்து
ஒட்டுப்போட்டிருக்கிறார்.
கடைசி வரி:
‘பிழை இருந்தால் திருத்துங்கள், கேட்க வேண்டாம்.’
ஓர் ஒற்றுப்பிழை இருந்தது.
திருத்தினேன். கேட்கவில்லை.

நான்காம் நாள் விடியுமுன் இணைப்பு வந்தது.
முதலில் கதவைத் தட்டியது மனிதரில்லை,
ஏதோ தேடுபொறி அனுப்பிய எந்திரம்,
எல்லாப் பக்கத்தையும் ஒரே மூச்சில் கேட்டது.
வழங்கி
அதற்கும் வழங்கியது.

இப்போது ஜெர்மனியிலும் ஒரு பிரதி இருக்கிறது.
நானூறு பெள்ளிராஜின் சட்டைப்பையிலிருந்து.
அது தோல்வியா என்று எப்சிபா இன்னும் வாதாடுகிறாள்.
மாதக் கடைசியில் மாடிக்கு ஏறி
எங்கள் மீட்டரை நானே பார்க்கிறேன்:
நாற்பத்தொரு யூனிட்.
அட்டையில் எழுதும்போது
மற்ற வீடுகளுக்கு எழுதுவதுபோலத்தான் எழுதுகிறேன்,
கையெழுத்து மட்டும்
கொஞ்சம் பெரிதாகிவிடுகிறது.