கீமேன்

குகைக்குள் தமிழில் நுழைந்து
மலையாளத்தில் வெளியே வருவேன்.
பகவதிபுரத்திலிருந்து ஆரியங்காவு வரை என் பீட்.
மழைக்காலத்தில் ராத்திரி ரோந்தும் எனக்குத்தான்.
தோளில் சுத்தியல், ஸ்பேனர்,
கையில் புகை பிடித்த விளக்கு.
கம்பியைத் தட்டினால் பேசும்.
நல்ல கம்பி ஒரே சொல்லில் முடிக்கும்.
கெட்டது அடுத்த சொல்லைத் தேடி இழுக்கும்.

போன ஆனியில் குருவிளா சார் கேட்டார்:
"எடோ, இந்த இருட்டில் எந்த போல்ட் தளர்ந்ததென்று
தனக்கு எங்ஙனெ தெரியும்?"
பழக்கம் சார் என்றேன்.

பேராக் காட்டில் நாங்கள் ஒன்பது பேர்.
ஏழு சீனர்கள், நான், பரஞ்சோதி.
கித்தா மரம் சீவிய கைகள்.
ஒரே நிறத்தில் சட்டை கிடையாது, நம்பர் கிடையாது,
சம்பளம் மரவள்ளிக்கிழங்கு.
எதிரே நின்று சுட்ட பட்டாளமெல்லாம்
சிங்கப்பூரில் கை தூக்கிவிட்டது.
ஜப்பான்காரன் முதுகுக்குப் பின்னால்
அட்டை கடித்த காலோடு நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.
அதைப் போர் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.
பாதி நாள் காத்திருத்தல்.
மீதி நாள் வயிற்றுப்போக்கு.
ஒரு தடவை, ரேடியோ பெட்டியைச் சுமந்துகொண்டு
ஆறு நாள் நடந்து
புறப்பட்ட மரத்தடிக்கே வந்து சேர்ந்தோம்.
ஆ லோய் சிரித்த சிரிப்பில்
கிளைக் குரங்குகள் ஓடிப்போயின.

தேங்காய் எண்ணெய் விட்டுத் திருகினால் நட் முனகாது.
நான்கை எடுத்து, பிஷ் பிளேட்டைக் கழற்றி,
இருந்தபடியே சாத்திவைக்க வேண்டும்.
எது பிடிக்கிறது, எது பிடிப்பதுபோல் நடிக்கிறது,
அந்த வித்தைதான் இப்போது எனக்குச் சோறு.

இதெல்லாம் எழுதியாயிற்று,
பழைய கூட்ஸ் சிட்டைகளின் முதுகில்.
பத்தாம் பக்கம் வரை பென்சில் ஓடும்.
அப்புறம் பாலத்துக் காவல்காரன் வருவான்,
கையில் அரிக்கேன்.

"யாருல அது?"

தமிழ். அதுவும் தென்காசிப் பக்கத்துத் தமிழ்.
பதில் சொல்லத்தான் வாய் திறந்தேன்.
அதற்குள் பரஞ்சோதியின் பாராங் கத்தி

இல்லை.
பரஞ்சோதி அன்று காய்ச்சலில் கிடந்தான்.
மூன்று பிரதியிலும் அவன் பேரைத்தான் போட்டிருக்கிறேன்.
அவன் செத்துப்போனான், கோபித்துக்கொள்ள மாட்டான்.

விளக்கு மட்டும் விழவில்லை.
அதை நான் பிடித்துக்கொண்டேன்.

மடியில் ஒரு புகையிலை டப்பா,
உள்ளே அனுப்பாத கார்டு.
தம்பி சங்கிலிபூதத்தானுக்கு,
செவலைக் காளையை விற்றுவிடாதே,
தைக்கு வந்துவிடுவேன்.
இப்படிக்கு குத்தாலிங்கம்.
கீழே, ஆரியங்காவு வழி என்று
கோணல் எழுத்தில் விலாசம்.

கொடுக்கத்தான் நாற்பத்தாறில் கப்பல் ஏறினேன்.
வந்த அன்று அந்த வீட்டில் கல்யாணம்.
மறுநாள் கொடுக்கலாம் என்றிருந்தேன்.
மறுநாள் ரயில்வேயில் ஆள் எடுத்தார்கள்.

பதினோரு வருஷம்.
இடையில் ஒரு காலை
செங்கோட்டை அந்த ராஜ்யத்திலிருந்து இந்த ராஜ்யத்துக்கு வந்தது.
ஆபீசர்கள் சங்கிலி பிடித்து அளந்தார்கள்,
குகையின் நடுவே எங்கோ கோடு என்றார்கள்.
தினம் தாண்டுகிறேன், காலில் தட்டியதில்லை.
கோட்டுக்குப் பின்னால் சண்டை போட்டவன் நான்.
அன்றைக்கும் கோடு எது என்று எனக்குத் தெரியாது.

டப்பாவில் இப்போது உதிரி வாஷர் போட்டிருக்கிறேன்.
கார்டு அடியில் இருக்கிறது, துருப் பிடித்து.

குகை தாண்டினால் லெவல் கிராஸிங்.
கேட்மேன் சங்கிலிபூதத்தான்,
நரைத்த மீசை, ஒரு கண்ணில் பூ.
சாரலில் என் விளக்கு அசைவது தெரிந்ததும்
தன் விளக்கைத் தூக்கிப் பிடிக்கிறான்.
அண்ணன் குரல் அப்படியே.

"யாருல அது?"

கீமேன், என்கிறேன்.
கட்டஞ்சாயா டம்ளரை நீட்டுகிறான்.
கூட்ஸ் வர இன்னும் நாற்பது நிமிஷம்.