பதினொரு கடல்

ஞாயிறு இரவு எட்டரை.
மின்விசிறியை நிறுத்திவிட்டேன்,
அதன் இரைச்சல் மைக்கில் விழுகிறதாம்.
திரையில் ஆறு சதுரங்கள்.
வியர்ப்பது என் சதுரம் மட்டும்.

ஸ்கார்பரோவில் காலை. தர்மிளா
தேநீரை ஊதிக்கொண்டே
என் கவிதையை வாசித்து முடித்தாள்.
"பதினொரு இடத்தில கடல் வருது, அக்கா.
ஒண்டும் நனைக்கேல்லை."

எண்ணினேன். பதினொன்றுதான்.

எழுந்துபோய்
உட்துறைமுக வீதிப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினேன்.
அது யார் பக்கம் சாட்சி சொல்லும்
என்று தெரியவில்லை.

கிண்ணியாவிலிருந்து ஷிஃபானா கேட்டாள்:
"எந்தக் கடல்? எங்கட பக்கம் அது
சேறு மணக்கும். உங்கட பக்கம்..."

கரண்ட் போனது.
அவளுக்கும் போயிருக்கும்; அக்கரையும் இருட்டு.

கைபேசி வெளிச்சத்தில் தாளை விரித்து
ஒவ்வொன்றாய் அடித்தேன்.
நீலக் கடல். அன்னைக் கடல்.
எல்லாம் பார்த்திருந்த கடல்;
அதை அடிக்கத்தான் கை கூசியது,
ஒரு மாதமாய் அதை நம்பியிருந்தேன்.

மிஞ்சியது இவ்வளவுதான்:

மருந்துக்கடை வாசலில் மீன் லொறி.
உருகிய ஐஸ் தார் ரோட்டில் வழிய
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
குனிந்து அதை நக்கிற்று
ஹோர்ன் அடித்தும் நிமிராமல்.

கரண்ட் வந்தபோது
குழு வேறொருவரின் கதைக்குப் போயிருந்தது.
ஷிஃபானாவின் குறுஞ்செய்தி மட்டும்
எனக்காகக் காத்திருந்தது:

"உங்கட பக்கம் என்ன மணக்கும் எண்டு
கடைசிவரைக்கும் சொல்லல்லையே."