பன்னிரண்டாவது பந்து

வலைப்பந்துக் கிண்ணம் வென்ற வருசம்
எல்லாரும் நிரஞ்சலாவின் பெயரைச் சொன்னார்கள்.
அடுத்த வருசம் அவள் மெல்பேர்ண் போனாள்.
முதல் சுற்றிலேயே
முப்பது கோலால் தோற்றோம்.

இப்போது ஐந்தரைக்கே
பம்பலப்பிட்டியில் முதல் பஸ்ஸில் வந்திறங்கி
ஸ்டோர் ரூம் திறப்போடு நிற்கிறாள் ஃபஸ்மியா,
ஒரு மெட்ச்கூட விளையாடாதவள்.
கொப்பியில் எழுதுகிறாள்:
யார் வந்தது, யாருக்கு முழங்கால் நோ,
யார் சாப்பிடாமல் வந்தது.
கன்டீன்காரரோடு சண்டை பிடித்து
இருபது முட்டை, கடனுக்கு.

மழை. மைதானம் குளம்.
கார் பார்க்கில் பாஸ் பழகுகிறோம்,
முதலாம் வருசப் பிள்ளைகளும்.

அரையிறுதியில் தோற்றோம், ஒரு கோலால்.
பீடாதிபதி கேட்டார்:
அடுத்த நிரஞ்சலா யார்?

ஃபஸ்மியா பந்துகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.
பதினொன்று. ஒன்று குறைகிறது.
தேடப் போனோம்,
எல்லாரும்.