பச்சை என்றுதான் நினைக்கிறேன்

குஷிரோவில் ஆகஸ்ட் மாதம்
ஸ்வெட்டர் போடுகிறவர்களைப் பார்த்து
முதல் வருடம் சிரித்தேன்.
இது மூன்றாவது வருடம்.
இரண்டு ஸ்வெட்டர்.

ஐந்து மணிக்கே துறைமுகச் சுவரோரம் தார்ப்பாய் விரித்து
மூலைக்கொரு செருப்பை வைத்து
இடம் பிடித்திருந்தாள் சச்சியே.
மீன் ஏலக்கூடத்தில் கணக்கெழுதுகிறவள்,
ஒரு சாண் விட்டுக்கொடுக்க மாட்டாள்.
ஒத்கோன் பொரித்த கோழியோடு வந்தான்.
இந்த ஊரில் அதற்கு ஸாங்கி என்று பெயர்,
வேறு பெயர் சொன்னால் கடைக்காரர் காதில் விழாது.
லுயென் கடைசியாக வந்தாள்,
விரல்களில் எலுமிச்சைத் தோலைத் தேய்த்துக்கொண்டே.
எவ்வளவு தேய்த்தாலும் மத்தி வாடை போவதில்லை.
இன்னும் ஒன்பது நாள் அவளுக்கு.
ஒப்பந்தம் முடிகிறது.
பிறகு வின் நகரம், அம்மா,
அவள் போனில் மட்டும் வளர்ந்த ஒரு தம்பி மகன்.

இங்கே பணம் கட்டினால்
உங்கள் பெயரில் ஒரு வாணம் விடுவார்கள்.
அதற்கு முன் ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள்:
டயர் கடை முதலாளி,
பல் மருத்துவர்,
அறுபதாம் திருமண நாள் காணும் யாரோ இருவர்.
அவளுக்குத் தெரியாமல் நாங்கள் மூவரும்
ஒன்று வாங்கியிருந்தோம், இருப்பதில் சின்னது.
விலை வேண்டாம்.
ஒத்கோன் ஒரு மாதமாக
இரவில் நூடுல்ஸ் மட்டும் தின்கிறான்.

ஏழேகாலுக்குக் கடல் எழுந்து கரைக்கு வந்தது,
அலையாக அல்ல, பனியாக.
கலங்கரை விளக்கம் போனது.
கிரேன் போனது.
முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் முதுகுகள் போயின.
மூடுபனி இந்த ஊருக்குச் சம்பந்தி வீட்டுக்காரர்,
தாமதமாக வந்தாலும்
முதல் பந்தியில்தான் உட்காருவார்.

நிறுத்திவிடுவார்கள் என்றேன்.
ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

முதல் வெடி.
சத்தம் மட்டும்,
நெஞ்செலும்பில் யாரோ கதவு தட்டுவதுபோல.
அப்புறம் வானம் என்று நாங்கள் நம்பிய பக்கத்தில்
பாலில் குங்குமப்பூ இறங்குவதாய் ஒரு சிவப்பு,
விளிம்பே இல்லாமல்.
ஆயிரம் பேர் கைதட்டினார்கள்,
பார்த்ததற்கா பார்க்காததற்கா தெரியவில்லை.

புஸ்வாணம் என்றேன் தமிழில்.
என்ன என்றாள் சச்சியே.
சொன்னேன்.
அவள் தார்ப்பாயின் ஈரத்தில் விரலால்
இரண்டு எழுத்து எழுதினாள்: பூ, நெருப்பு.
எங்கள் மத்தாப்பூவின் வாலிலும் பூ உண்டு என்றேன்.
எங்கள் சொல்லிலும் என்றாள் லுயென்.
ஒத்கோன் வெகுநேரம் யோசித்தான்.
மங்கோலியாவில் அதற்கு
பட்டாளத்துச் சல்யூட்தான் பெயர்,
பூ கிடையாது என்றான்,
ஏதோ தான் செய்த தப்புபோல.

எட்டு மணிக்கு மேல் ஒலிபெருக்கி
எங்களை வாசித்தது.
லுயென் இரண்டாக உடைந்தாள்.
ஒத்கோனுக்கு ஓர் எழுத்து கூடியது.
யாழினி என்ற நான்
ழகரம் இல்லாத தேசத்தில்
யாரினி ஆனேன்.
யார் இனி?
கேள்வி பனிக்குள் போய்ச் சுவரில் மோதித் திரும்பியது.
எனக்கு மட்டும்தான் அது கேள்வி.

நான்கு பேரும் எழுந்து நின்றோம்,
நின்றால் தெரியும் என்பதுபோல.
ஒரு விசில் மேலே போனது.
வெடித்தது.
பச்சை. பச்சை என்றுதான் நினைக்கிறேன்.
பத்து விநாடி இருக்கும்.
லுயென் இரு கைகளாலும் முகத்தை மூடியிருந்தாள்.

பஸ் நிறுத்தத்தில்தான் கேட்டாள்:
என்ன நிறம்?
பச்சை என்றேன்.
நீலம் என்றான் ஒத்கோன்,
தன் நூடுல்ஸ் மேல் சத்தியம் செய்து.
சச்சியே பையைத் துழாவி
ரசீதை எடுத்து நீட்டினாள்.
கணக்கெழுதுகிறவள், எல்லாம் அதில் இருக்கும்.
லுயென் அதைப் பிரிக்காமலே
நான்காய் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

பஸ் வரும்போதுதான் கவனித்தேன்,
என் வலதுகால் செருப்பை
தார்ப்பாயின் ஏதோ ஒரு மூலையில்
விட்டுவந்திருக்கிறேன்.
திரும்பிப் பார்த்தால்
மூலையும் இல்லை, கடலும் இல்லை.
போகலாம் என்றார்கள்.
ஒற்றைச் செருப்போடு ஏறினேன்.