ஒரே குழாய்

எட்டாம் மாடி, எண்ணூற்று மூன்று.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே இருபத்தொன்பது.
நாங்கள் நால்வரும் கையில்லாத பனியனில்
ஜன்னலை ஒரு முழம் திறந்து வைத்து
ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தோம்.
உலான்பாதர் விடுதியில் ஜனவரி இப்படித்தான்.

ரேடியேட்டருக்குத் திருகு கிடையாது.
பழுப்புச் சாயம் பூசி, அதன்மேல் பூசி,
அதன்மேலும் பூசித் தடித்துப்போன இரும்பு.
செப்டம்பரில் நகரம் அதற்கு உயிர் கொடுக்கும்,
மே மாதம் எடுத்துக்கொள்ளும்.
நடுவில் எங்களை எதுவும் கேட்காது.

அநுஜின் மட்டும் ஜன்னல் சட்டத்தில்
உள்ளே இவ்வளவு, வெளியே இவ்வளவு என்று
பென்சிலால் தேதி போட்டு எழுதிவந்தாள்.
"தெரு குளிர்காய நாம் கரி எரிக்கிறோம்" என்றாள்.
"தெரு நன்றி சொல்லட்டும்" என்றேன்.
மூடினால் எனக்குத் தலை வலிக்கும். அதோடு
வெளிக் கொக்கியில் தொங்கும் பையில்
அம்மா கொடுத்தனுப்பிய நூற்றிருபது பூஸ்,
ஆட்டிறைச்சிக் கொழுக்கட்டை,
கல்லாய் உறைந்து கிடந்தது.
எட்டிப் பத்து எடுத்து வேகவைப்பதுதான்
என் இரவு.

அவள் வீடு வடக்கு மேட்டில், கம்பளிக் கூடாரம்.
விடிகாலை நாலு மணிக்கு அடுப்பு தணியும்,
யாராவது எழுந்து கரி போடவேண்டும்.
யார் முறை என்பதில்
அண்ணனுக்கும் அவளுக்கும் இன்னும் வழக்கு தீரவில்லை.
சொல்லிக்காட்டியதில்லை.
ஞாயிறு மாலை திரும்பும்போது
தலைமுடியில் புகை வாசம் இருக்கும், அவ்வளவுதான்.

குழாய்க்காரர் ஒத்கோன்பாத் வந்து பார்த்துச் சிரித்தார்.
"நீ அடைத்தால் கீழே ஆறு அறையும் செத்தது.
ஒரே குழாய் பெண்ணே. உன் இரும்பில் நுழைந்து
வெளியே வருவதுதான் அடுத்தவனுக்கு."

மூன்று வருஷமாக ஒரே வெந்நீரை
ஏழு அறைகள் கைமாற்றிக்கொண்டிருந்திருக்கின்றன.
முகம் தெரியாது.

அநுஜின் படியிறங்கினாள். பின்னால் நான்,
தெர்மாமீட்டர் பிடிக்க ஆள் வேண்டுமாம்.
எழுநூற்று மூன்றிலும் ஜன்னல் திறந்திருந்தது.
அறுநூற்று மூன்றில் யாரோ குதிரைத்தலை வீணை பழகினார்கள்,
கதவு திறக்கவில்லை.
ஐந்நூற்று மூன்றில் கால்நடை மருத்துவப் பெண்கள்
உப்புத் தேநீர் தந்தார்கள், கணக்கும் கேட்டார்கள்.
அதற்குக் கீழே போகப் போக
நானே கைகளைக் கட்டிக்கொண்டேன்.

இருநூற்று மூன்றில் தெமூலென்,
கோட்டும் தொப்பியுமாக,
விரல்நுனி வெட்டிய கையுறையில்
நில அளவைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான்.
பதின்மூன்று டிகிரி.
தடைசெய்த மின் ஹீட்டரை
எங்களைக் கண்டதும் காலால் கட்டிலடியில் தள்ளினான்.
"மேலே எப்படி?" என்று கேட்டான்.
நான் ஐஸ்கிரீமைப் பற்றிச் சொல்லவில்லை.

அறைக்கு ஒரு கிளைக்குழாய், ஒரு வால்வு.
நாற்பதாயிரம் துக்ரிக்.
அலுவலகம் "வசந்தத்தில் பார்ப்போம்" என்றது.
ஒத்கோன்பாத் "ஞாயிறு, அரைநாள்,
நான் வரவில்லை, நீங்கள் பார்க்கவில்லை" என்றார்.
வீணை அறை காசு தரவில்லை.
மருத்துவப் பெண்கள் இரண்டு பங்கு தந்தார்கள்.
எங்கள் பங்குக்கு
நான் என் பூஸை எல்லாம் வேகவைத்து
நூலக வாசலில் விற்றேன்.
அம்மாவுக்கு இது தெரியாது.

இப்போது இருபத்தொன்று.
ஜன்னல் மூடியிருக்கிறது, கொக்கி வெறுமனே ஆடுகிறது.
எனக்கு இன்னும் தலை வலிக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.
வடக்கு மேட்டில் புகை குறையவில்லை.
நம் வால்வு அதை ஒன்றும் செய்துவிடாது என்று
அநுஜினே சொல்கிறாள்,
சொல்லிக்கொண்டே பென்சிலைச் சீவுகிறாள்.

இரவில் குழாய் பேசுகிறது.
கீழிருந்து யாரோ கரண்டியால் தட்டுகிறார்கள்.
இரண்டு தட்டு என்றால் போதும்.
மூன்று என்றால் இன்னும் கொஞ்சம்.

இன்றைக்கு மூன்று.
எழுந்துபோய் இருட்டில் குனிந்து
எங்கள் வால்வைக் கால்சுற்று அடைக்கிறேன்.
பிறகு என் காலுறையைத் தேடுகிறேன்.
எங்கே வைத்தேன் என்றே நினைவில்லை.