காலி எடை

மீனாட்சிபுரம் தாண்டிப் பாலக்காட்டுச் சாலையில்
அறுபது டன் எடைமேடை.
இருபத்தாறு வருஷமாக அதன் ஜன்னலுக்குள் நான்.
வைக்கோல், இளநீர், செங்கல், அடிமாடு
எல்லாம் எனக்கு எண்தான்.
பார எடை, காலி எடை.
கழித்தால் சரக்கு.
சீட்டின் அடியில் 'தெ' என்று கிறுக்குவேன்,
தெய்வாத்தாள் என்று எழுத இடம் இருக்காது.
அந்த 'தெ' இரண்டு மாநிலத்திலும் செல்லும்.

வருகிற முப்பத்தொன்றோடு ஐம்பத்தெட்டு முடிகிறது.
பீதாம்பரன் முதலாளி கேமரா வைத்துவிட்டார்.
"சேச்சிக்கு இனி ரெஸ்ட்" என்றார்,
பலகாரப் பொட்டலம் நீட்டுகிற மாதிரி.

பொள்ளாச்சி பேங்கில் டை கட்டிய பையன் கேட்டான்:
"மாசம் எவ்வளவு இருந்தாச் சௌகரியமா இருக்குங்கம்மா?"
எவ்வளவில் சமாளிப்பாய் என்று கேட்டிருக்கிறார்கள்.
எவ்வளவு பாக்கி என்று நிறையப் பேர்.
சௌகரியம் என்பதை
ஜன்னலோர பஸ் சீட்டுக்குத்தான் இதுவரை சொல்லியிருக்கிறேன்.
"இருபதாயிரம்" என்றேன்,
சொன்ன வாயை உடனே துடைத்துக்கொண்டேன்.
பையன் தட்டிப் பார்த்தான்.
"இன்னைக்கு இருபதுன்னா, இருபது வருஷத்துல அறுபத்திநாலுங்க."
வயசாவது எனக்கு,
வளர்வது அது.

ராத்திரி, வண்டி வராத நேரம்,
வீணான சீட்டின் முதுகில் போட்டுப் பார்த்தேன்.
பென்ஷன் இரண்டாயிரத்து முந்நூற்று எண்பது.
சேர்ந்த பணத்துக்கு வட்டி நாலாயிரம்.
வெள்ளியங்கிரி தேங்காய் உரித்தால்
(இடுப்பு விட்டால்) ஐயாயிரம்.
இது பார எடை.

வாடகை, பால், சிலிண்டர், ரீசார்ஜ்,
எல்லை தாண்டி வாங்குகிற பிரஷர் மாத்திரை.
ரேஷன் அரிசிக்குக் காசில்லை.
கழித்தால் ஆயிரத்து எண்ணூறு மிச்சம்.
மிச்சம்!
நானே ஒரு டீ போட்டுக் குடித்தேன்.

குடிக்கும்போதுதான் உறைத்தது.
எனக்குத் தெரியாத தில்லுமுல்லா?
பாரம் போடும்போது கேபினில் மூன்று ஆள் இருக்கும்.
காலி எடைக்கு வரும்போது
கிளீனர் வேலிக்குப் பின்னால் இறங்கி
பீடி பற்றவைத்துக்கொண்டு நிற்பான்.
சரக்கு நூற்றிருபது கிலோ கூடிவிடும்.
எத்தனை பேரை மைக்கில் கூப்பிட்டு ஏற்றியிருக்கிறேன்!

என் சீட்டிலும் இறக்கி விட்டிருக்கிறேன்.
வெள்ளியங்கிரியின் கடைவாய்ப் பல்,
ஆடி மழைக்கு ஒழுகுகிற ஓடு,
மாசத்துக்கு மூணு மொய்,
மகள் ஊரிலிருந்து வந்து போனால் கையில் வைக்கிற ஐந்நூறு,
கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில்
'டெஸ்ட் எடுத்துப் பாக்கலாம்' என்கிற ஒரு வார்த்தை.
எல்லாரும் வேலியோரம் நிற்கிறார்கள், இருட்டில் நெருப்புப்பொட்டு.

ஏறுங்கப்பா, நீங்களும் எடைதான்.

கடைசியில் ஒருத்தி.
ஆலப்புழையில் ஒருநாள் படகில் உட்கார்ந்து
வறுத்த மீன் தின்னவேண்டும் என்கிறவள்.
முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், கூப்பிட்டாலும் திரும்பவில்லை.
கையைப் பிடித்து ஏற்றினேன்.

இருபத்திரண்டாயிரத்து நானூறு.
பையனிடம் சொன்னது பேராசை இல்லை,
எடைக் குறைவு.

மழைக்காலத்தில் ஆளில்லாத மேடையே
எண்பது கிலோ காட்டும், சேறு.
காலையில் பூஜ்யம் அமுக்கிவிட்டுத்தான் உட்காருவேன்.
இந்தச் சீட்டுக்கு அந்தப் பொத்தான் இல்லை.

மூன்றே முக்காலுக்கு ஒரு வைக்கோல் லாரி ஹாரன் அடித்தது,
காலி எடைக்கு.
கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடித்தது, அழகாக.
நான் மைக்கை எடுத்து,
"புளியமரத்துக்குப் பின்னாடி நிக்கிற தம்பியும் மேல வா" என்றேன்.
சிரித்துக்கொண்டே வந்தான், பீடியை மிதித்துவிட்டு.

விடிந்ததும் முதலாளியிடம் கேட்கவேண்டும்.
வாரம் மூணு ராத்திரி,
ராத்திரிக்கு ஐந்நூறு.
முந்நூறு என்பார்.
அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்வேன்.

ஐந்நூறே கொடுத்தாலும் குறையும்.
எவ்வளவு குறையும் என்பதைச்
சீட்டில் எழுதி, அடியில்
இந்தத் தடவை முழுப்பெயரும் போட்டேன்.