சப்பாத்துக்குள்

கணித பாடம். மேசைக்குக் கீழே
என் வலது சப்பாத்துக்குள்
ஒரு சின்னப் பாலம் எழும்புகிறது.
விரல் மடங்கக் கூடாது,
குதி கிளம்பக் கூடாது,
உள்ளங்கால் மட்டும்
மூச்சிழுத்த வயிறுபோல் குழிய வேண்டும்.
பத்து எண்ணும்வரை.

துவாயை விரலால் சுருட்டுவது வீட்டில்.
தம்பியின் போளைகளைக் காலால் பொறுக்கிக்
கிண்ணத்தில் போடுவதும் அங்கேதான்.
அவன் எட்டு. நான் மூன்று,
அதிலும் ஒன்று கட்டிலுக்கடியில்.

முனைச் சப்பாத்து எப்போது என்று கேட்டால்
டெரன்சியா மிஸ் என் பாதத்தைத்தான் பார்க்கிறா,
முகத்தை அல்ல.

கல்லடிப் பாலத்தில் பஸ் ஊர்கிறது.
கம்பியைப் பிடிக்காமல்
ஒற்றைக் காலில் நிற்கிறேன்.
திடீரென்று பிரேக்.
பக்கத்து அன்ரி தோளைப் பிடிக்கிறா,
"விழப்போறாய் பிள்ளை."

விழவில்லை.
கையை எடுக்கச் சொல்லவுமில்லை.